கடைசி நாளில் நிரம்பி வழியும் ரயில்: ஒரு பாதை மூடப்படுவது எப்படி?

ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில், ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்கள் என்று 2016 ஜனவரியில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த மாணவி படிப்பை முடித்த பிறகுதான் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றும் சொன்னார்கள். படித்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இன்றும் அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது.

நடந்தது வேறு. செகிஹொகு பாதையில் ஷிராதாகி வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று சிறு நிலையங்கள் 2016 மார்ச் 26 அன்று மூடப்பட்டன. செய்தி குறிப்பிட்ட நிலையம் ஒன்று, மாணவி ஏறிய நிலையம் இன்னொன்று. அவர் போன ரயிலில் வேறு மாணவர்களும் போனார்கள். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. ரயில்வே கால அட்டவணை மாறுவதும் வழக்கமாக மார்ச்சில்தான். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் கதை தானாகவே பொருந்திக்கொண்டது. நிலையங்கள் மூடப்பட்டதற்குக் காரணம், அங்கே ஏறி இறங்க ஆட்கள் மிகவும் குறைந்துபோனதுதான். ரயில் அந்தப் பாதையில் அதற்குப் பிறகும் ஓடியது.

சிற்றூர்களின் ரயிலைப் பற்றிப் பேசும்போது நாம் இப்படித்தான் பேசுகிறோம். மூடாவிட்டால் கருணை, மூடினால் கொடுமை. கடைசி நாள் ரயிலில் கூட்டம் பிதுங்கும் படத்தைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு பேர் போகிற ரயிலை ஏன் நிறுத்துகிறார்கள்?' என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானது. அதற்கான விடை அந்தப் படத்தில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்ட ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. ஹொக்கைடோவை வைத்தே அதைப் பார்க்கலாம். சுருங்கிவரும் ஒரு வட்டார ரயில்வேயின் எல்லாக் கட்டங்களும் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நிலையத்தை மூடுவது வேறு, பாதையை மூடுவது வேறு. நிலையம் போனால் ரயில் அங்கே நிற்காது, அவ்வளவுதான். பாதை போனால் தண்டவாளம், பாலம், சமிக்ஞை, கடவுப்பாதை எல்லாம் ஓய்ந்துவிடும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

ஆள் குறைந்தால் செலவு ஏன் குறைவதில்லை?

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வந்தாலும் வாடகை அதேதான், இருபது பேர் வந்தாலும் அதேதான். பந்திச் செலவு மட்டும் இலைக் கணக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும். வாடகையைப் போல ஆள் கணக்கைப் பார்க்காமல் நிற்பதை நிலைச் செலவு என்பார்கள். இலையைப் போல ஏறி இறங்குவது மாறும் செலவு.

ரயில்வேயில் பெரும்பகுதி மண்டப வாடகைதான். ஒரு பெட்டி கொண்ட டீசல் ரயில் நாளுக்கு ஐந்து முறை போனாலும் தண்டவாளம் நேராக இருக்க வேண்டும். கட்டைகள் உளுத்தால் மாற்ற வேண்டும். நூறாண்டுப் பாலத்தைச் சோதிக்க வேண்டும், சுரங்கத்தின் சுவர் உதிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹொக்கைடோவில் இதற்கு மேல் பனியும் உண்டு. குளிர்காலத்தில், ரயிலில் பத்துப் பேர் ஏறுகிறார்களா நூறு பேர் ஏறுகிறார்களா என்று பார்த்துப் பனி பெய்வதில்லை. பாதை நெடுகப் பனியைத் தள்ளித் தீர வேண்டும். ரயிலின் எண்ணிக்கையைக் குறைத்தால் டீசலும் ஓட்டுநர் நேரமும் மிச்சமாகும். பாதையைக் காக்கும் செலவு அசையாது.

எளிதில் கண்ணில் படாத ஒன்றும் இங்கே உண்டு. அதே ஊருக்குப் போகும் சாலையில் பனி தள்ளுவதும், குழி அடைப்பதும், பாலம் கட்டுவதும் அரசின் வேலை. அதற்குப் பணம் வரியிலிருந்து வருகிறது. பஸ்ஸும் காரும் எரிபொருள் வரி, வாகன வரி என்று ஏதோ கொடுக்கின்றன. ஆனால் அந்தச் சாலையை முழுதாகத் தாங்கும் பொறுப்பு எந்தப் பஸ் நிறுவனத்தின் தலையிலும் இல்லை. ரயில் நிறுவனமோ தன் தண்டவாளத்தைத் தானே பேண வேண்டும். பிறகு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ரயில் நட்டம், பஸ் மலிவு' என்கிறார்கள். இந்த ஒப்பீடு நேர்மையானது இல்லை என்றே நான் நினைக்கிறேன். சாலையை யாரும் 'நட்டத்தில் ஓடுகிறது' என்று சொல்வதில்லை.

சுருக்கமாக: ரயிலின் செலவில் பெரும்பங்கு நிலைச் செலவு. பயணிகள் குறையும்போது வருமானம் சரிகிறது, செலவு அதே உயரத்தில் நிற்கிறது.

நட்டம் மட்டும் காரணமா?

இல்லை. ஹொக்கைடோவில் ரயிலை நடத்தும் ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனம் பாதைவாரியாக வெளியிட்ட வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால், மக்கள் நெருக்கமாக வாழும் சப்போரோ நகரைச் சுற்றிய பாதைகள் உட்பட எல்லாமே நட்டம்தான். நட்டத்தை மட்டும் பார்த்து மூடுவதென்றால் நிறுவனத்தையே மூடிவிட வேண்டியிருக்கும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு வேறோர் அளவுகோல் வேண்டியிருந்தது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு 1987-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் தேசிய ரயில்வே ஆறு வட்டாரப் பயணி நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டது. டோக்கியோ, ஒசாகா போன்ற நகரங்கள் யார் பங்குக்கு வந்தனவோ அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஹொக்கைடோவின் பங்குக்கு வந்தது பரந்த நிலம், கொட்டும் பனி, குறைந்த மக்கள். இந்த நிறுவனத்தால் டிக்கெட் வருமானத்தை மட்டும் வைத்து நடக்க முடியாது என்பது பிரித்தவர்களுக்கே தெரியும். அதனால் 68,220 கோடி யென் கொண்ட ஒரு நிதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதன் வட்டியைக் கொண்டு ஆண்டு நட்டத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டி 7.3 சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 4,980 கோடி யென்.

பின்னர் ஜப்பானில் வட்டி விகிதம் சரிந்தது. பல ஆண்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் வைப்புத்தொகையின் வட்டியை நம்பிக் குடும்பம் நடத்தும்போது வங்கி வட்டியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த நிலைக்கு ஆளானது ஒரு தீவின் ரயில்வே முழுவதும். சிற்றூர்ப் பாதைகள் மூடப்படுவதற்குக் கிராமத்தவர்கள் கார் வாங்கியதை மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள் இந்த வட்டிக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வகுத்தல் கணக்கு

அளவுகோலின் பெயர் போக்குவரத்து அடர்த்தி. ஒரு பாதையின் ஒரு கிலோமீட்டர் வழியாக ஒரு நாளில் சராசரியாக எத்தனை பயணிகள் கடந்து போகிறார்கள் என்பதே அது.

கணக்கு எளிது. பத்துக் கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்று. நாளுக்கு நூறு பேர் ஏறுகிறார்கள். ஒவ்வொருவரும் ஐந்து கிலோமீட்டர் போய் இறங்கிவிடுகிறார்கள். நூறை ஐந்தால் பெருக்கினால் 500. அதைப் பாதையின் நீளமான பத்தால் வகுத்தால் 50. நூறு பேர் ஏறினாலும் அடர்த்தி 50-தான். ஏனென்றால் பாதி தூரத்துக்கு அவர்கள் ரயிலில் இல்லை. அந்தப் பாதி தூரத் தண்டவாளத்தையும் பராமரித்தாக வேண்டும்.

இந்த எண்ணுக்கு ஜப்பானில் நீண்ட வரலாறு உண்டு. 1980-இல் வந்த தேசிய ரயில்வே மறுசீரமைப்புச் சட்டத்தின்படி, அடர்த்தி 4,000-க்குக் கீழே இருந்த பாதைகள், சில விதிவிலக்குகள் போக, பஸ்ஸுக்கு மாறத் தக்கவை என்று கருதப்பட்டன. அப்படிக் குறிக்கப்பட்ட 83 பாதைகளில் 45 பஸ்ஸாக மாறின. மற்ற 38 பெரும்பாலும் உள்ளூர் அரசுகளும் தனியாரும் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனங்களின் கைக்குப் போயின.

2016 நவம்பர் 18 அன்று ஜே.ஆர். ஹொக்கைடோ தன் பட்டியலை வெளியிட்டது. தன்னால் தனியாகத் தாங்க முடியாதவை என்று அது சொன்னது 10 பாதைகளில் 13 பகுதிகள், மொத்தம் 1,237.2 கிலோமீட்டர். அதன் ரயில் பாதையில் ஏறத்தாழப் பாதி. அதில் அடர்த்தி 200-க்கும் கீழே இருந்த மூன்று பகுதிகளின் 2015-ஆம் நிதியாண்டு எண்கள் இவை: சாஷோ பாதையின் வடபகுதி 79, நெமுரோ பாதையின் ஃபுரானோ–ஷின்தோகு பகுதி 152, ருமோய் பாதை 183.

எழுபத்தொன்பது பேர். இரண்டு பஸ்களில் ஏற்றிவிடலாம். ஒரே வேளையில் ஆயிரம் பேரைச் சுமப்பதில்தான் ரயிலின் வலிமை இருக்கிறது. எழுபத்தொன்பது பேருக்கு அந்த வலிமை தேவைப்படுவதில்லை. அதிகாரிகளின் வாதம் இதுதான். எண்ணளவில் அதில் பிழை இல்லை.

அடர்த்தி எப்படி வற்றுகிறது

பயணிகள் குறைகிறார்கள் என்று ரயிலைக் குறைப்பார்கள். ரயில் குறைந்ததும் மருத்துவமனைக்குப் போன மூதாட்டி திரும்பிவர வழியில்லாமல் மகனின் காரை நாடுவார். பயணிகள் இன்னும் குறைவார்கள். மறுபடி ரயிலைக் குறைப்பார்கள். 2016 மார்ச்சில் யூபாரி கிளைப்பாதையில் நாளுக்கு 9 என்றிருந்த போக்குவரவு நடைகள் 5 ஆயின. அதே மாதம் சாஷோ பாதையின் கடைக்கோடியான ஷின்-தோத்சுகாவா நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த மூன்று நடைகள் ஒன்றாயின.

அந்த ஒரு நடை காலையில் வரும், சற்று நின்றுவிட்டுக் காலையிலேயே திரும்பிவிடும். பின்னாளில் அது கிளம்பும் நேரம் பத்து மணி. அன்றைய முதல் ரயிலும் அதுதான், கடைசி ரயிலும் அதுதான். நாட்டிலேயே மிக முன்னதாகக் கிளம்பும் கடைசி ரயில் என்று அதற்குப் பெயர் வந்தது. அதைப் பார்க்கவே தொலைவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் அதில் ஏறி வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்ப முடியுமா? முடியாது. அவர் ஏறவில்லை என்பதைக் காட்டி 'மக்களுக்கு ரயில் தேவைப்படவில்லை' என்று முடிவு கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அட்டவணையே அவரை இறக்கிவிட்ட பிறகு எடுத்த எண் அது.

ஆனாலும் முழுப் பழியையும் அட்டவணை மேல் போட முடியாது. யூபாரி நிலக்கரி நகரம். 1892-இல் பாதை அங்கே போனதே நிலக்கரிக்காகத்தான். 1960-இல் அந்நகரில் ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் பேர் இருந்தார்கள். எண்ணெய் வந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, 1990-இல் கடைசிச் சுரங்கமும் நின்றது. 2019-இல் மக்கள்தொகை 8 ஆயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது. எந்தக் கால அட்டவணை போட்டாலும் இல்லாத ஒரு லட்சம் பேரை ஏற்ற முடியாது.

இதுவரை பார்த்தது: ஊர் சுருங்குவது முதலில், ரயிலைக் குறைப்பது அடுத்து, பிறகு ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. அடர்த்தி என்ற எண் அந்த இறக்கத்தின் முடிவில் எடுக்கப்படுகிறது.

அப்படியானால் கடைசி நாள் கூட்டம்?

பாதை மூடப்படும் தேதி அறிவிக்கப்பட்டதும் ரயில் ஆர்வலர்கள் நாடெங்கிலுமிருந்து வருவார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பெட்டி ஓடிய இடத்தில் கூடுதல் பெட்டிகளை இணைப்பார்கள். அத்தனை பேரும் உண்மையான பயணிகள்தான். டிக்கெட் வாங்கித்தான் ஏறுகிறார்கள்.

ஆனால் கணக்கில் என்ன ஆகிறது என்று பாருங்கள். கடைசி முப்பது நாளும் நாளுக்கு ஆயிரம் பேர் வந்து பாதையின் முழு நீளமும் பயணம் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 ஆயிரம். அதை ஆண்டின் 365 நாளுக்குப் பகிர்ந்தால் கிடைப்பது 82. அந்த ஓராண்டு அடர்த்தியில் 82 கூடும். அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள். அவர்களை வரவழைத்ததே மூடல் அறிவிப்புதான். தினமும் பள்ளிக்குப் போகும் நாற்பது பிள்ளைகள் காலையும் மாலையும் போய்வந்தால் ஏறத்தாழ அதே எண்ணிக்கை, ஆண்டுதோறும் கிடைக்கும். பாதையைக் காப்பாற்றும் பலம் அந்த நாற்பது மாதாந்தரச் சீட்டுகளுக்கு உண்டு.

இன்னொன்று: கடைசி நாளில் எவ்வளவு கூட்டம் கூடினாலும் அன்று எதுவும் மாறாது. 2000 மார்ச் முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஜப்பானில் ரயில் பாதையை மூட அரசின் அனுமதி கட்டாயமில்லை. ஓராண்டுக்கு முன்பே முறைப்படி அறிவித்தால் போதும். நடைமுறையில் நிறுவனங்கள் முதலில் உள்ளூர் மன்றங்களுடன் பேசி இசைவு வாங்கப் பார்க்கின்றன. பேரம், வாக்குவாதம், பஸ்ஸுக்கான பணம் எல்லாம் முடிந்து, அறிவிப்பும் தந்து, ஓராண்டு கழித்துத்தான் கடைசி ரயில் வருகிறது. எதிர்ப்புக்கான நேரம் அதற்கு வெகு முன்னதாகவே கடந்துபோயிருக்கும்.

சாஷோ பாதையில் வழியனுப்பும் வாய்ப்பே கைநழுவியது. அங்கே கடைசி ரயில் 2020 மே 6 அன்று என்று முடிவாகியிருந்தது. கொரோனா காலம் என்பதால் கூட்டம் சேரக் கூடாது என்று முதலில் ஏப்ரல் 24-க்கு முன்தள்ளினார்கள். ஏப்ரல் 16 அன்று நாடு முழுவதற்கும் அவசரநிலை விரிவாக்கப்பட்டதும், மறுநாளே கடைசி என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷின்-தோத்சுகாவாவிலிருந்து கிளம்பிய ரயிலோடு 47.6 கிலோமீட்டர் பாதை முடிந்தது. விடுப்பெடுத்து வர நினைத்திருந்தவர்கள் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

யூபாரி தானே கேட்டு வாங்கிய மூடல்

பொதுவாக நிறுவனம் மூட வேண்டும் என்கிறது, ஊர் கூடாது என்கிறது. யூபாரியில் இது தலைகீழாக நடந்தது. நகராட்சியே கடனில் மூழ்கி, 2007 முதல் அரசின் கண்காணிப்பில் கடனைக் கட்டிக்கொண்டிருந்த ஊர் அது. 2016 ஆகஸ்டில் அதன் மேயர் சுஸுகி நவோமிச்சி, பாதையை மூடிக்கொள்ளுங்கள், ஆனால் இந்த நிபந்தனைகளில் என்று தானே முன்வந்தார். நிறுவனம் பட்டியல் வெளியிடுவதற்கு மூன்று மாதம் முன்பு அது.

கேட்டது கிடைத்தது. இருபது ஆண்டுகள் பஸ் ஓட்டுவதற்காக ஜே.ஆர். ஹொக்கைடோ 75 கோடி யென் தர ஒப்புக்கொண்டது. 16.1 கிலோமீட்டர் கிளைப்பாதையில் 2019 மார்ச் 31 அன்று கடைசி ரயில் ஓடியது. ரயிலுக்கு இருந்த 5 நடைகளுக்குப் பதில் பஸ்ஸுக்குக் கூடுதல் நடைகள், நிறுத்தங்கள் வீடுகளுக்கு அருகில். அடுத்த மாதம் சுஸுகி ஹொக்கைடோவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஓர் ஊர் முன்வந்து விட்டுக்கொடுத்தால் அடுத்த ஊரின் பேரம் பலவீனப்படும் என்றார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், கையில் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்போதே அவர் பேசினார். கடைசிவரை 'கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பாதையும் போய், பஸ்ஸும் அரைகுறையாகியிருக்கும் என்பது என் எண்ணம். பஸ்ஸும் நிரந்தரக் காப்பு இல்லை. ஓட்டுநர் கிடைக்காமல் பஸ் நடைகள் வெட்டப்படுவது இப்போது ஜப்பான் முழுக்க நடக்கிறது.

கடைசி ரயிலே இல்லாத மூடல்

பசிபிக் கரையை ஒட்டிப் போன ஹிடாகா பாதையில், 2015 ஜனவரியில் கடலலை பாதையின் அடியிலிருந்த மண்ணை அரித்துச் சென்றது. அன்று நின்ற ரயில் திரும்ப ஓடவே இல்லை. பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் 2016-இல் புயல்கள் வந்து மேலும் சேதம் செய்தன. 2021 ஏப்ரல் 1 அன்று முகாவா முதல் சமானி வரை 116 கிலோமீட்டர் சட்டப்படி மூடப்பட்டது. வழியனுப்ப ரயிலே வரவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, யாரும் கடைசி என்று அறியாத ஒரு சாதாரண நாளில், கடைசி ரயில் போய்விட்டிருந்தது.

அடர்த்தி குறைந்த பாதைகளை இயற்கைச் சேதம் இப்படித்தான் முடித்துவிடுகிறது. தினசரிப் பராமரிப்பைத் தள்ளாடியபடியாவது தாங்கும் நிறுவனம், ஒரே தடவையில் வரும் பெருஞ்செலவை ஏற்க மறுக்கிறது.

49 பேரோடு பிழைத்த பாதை

இதைப் படித்துவிட்டு, எண் குறைந்தால் பாதை போய்த்தான் தீரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபுகுஷிமா மாநிலத்தின் மலைகளுக்கிடையே போகும் தடாமி பாதையில், ஆய்சு-கவாகுச்சி முதல் தடாமி வரையான 27.6 கிலோமீட்டரின் அடர்த்தி 2010-ஆம் நிதியாண்டில் வெறும் 49. சாஷோவைவிடக் குறைவு. 2011 ஜூலை மழையில் அதன் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஹிடாகாவின் கதிதான் இதற்கும் என்று பலரும் எண்ணினார்கள்.

ஆனால் 2022 அக்டோபர் 1 அன்று அங்கே ரயில் திரும்ப வந்தது. தண்டவாளத்தையும் பாலத்தையும் மாநில அரசு தன் சொத்தாக எடுத்துக்கொண்டு பேணுகிறது. ரயில் நிறுவனம் அதன்மேல் வண்டியை மட்டும் ஓட்டுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு உடைமை–ஓட்டப் பிரிப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மண்டப வாடகை முழுவதும் பொதுப் பணத்துக்குப் போய்விட்டது. சாலை எப்படிப் பேணப்படுகிறதோ அப்படியே தண்டவாளமும். உள்ளூர் வரிப்பணம் ஆண்டுதோறும் இதற்குப் போகிறது. மலைப் பள்ளத்தாக்கும் பாலமும் ரயிலும் சேர்ந்த காட்சியைப் பார்க்க வருபவர்கள் பாதையோர ஊர்களில் தங்கிச் செலவழிப்பார்கள் என்று கணக்குப் போட்டே மாநிலமும் அந்த ஊர்களின் மன்றங்களும் இதற்கு இசைந்தன. எண் அதேதான், யார் பொறுப்பு என்ற விடை மட்டும் மாறியது.

இப்போது மேசையில் இருப்பவை

ஹொக்கைடோவின் 2016 பட்டியலில் இருந்த பாதைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. ருமோய் பாதையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள்: மஷிகே வரையான பகுதி 2016 டிசம்பரில், ருமோய் நகரம் வரையான பகுதி 2023 மார்ச் இறுதியில். மீதியிருந்த 14.4 கிலோமீட்டருக்கு 2026 மார்ச் இறுதி என்று தேதி குறித்தார்கள். ஃபுரானோ–ஷின்தோகு பகுதியின் 81.7 கிலோமீட்டர் 2024 மார்ச் 31 அன்று முடிந்தது; அதில் ஒரு பகுதியில் 2016 புயலுக்குப் பிறகு ரயிலே ஓடவில்லை.

அடர்த்தி 200-க்கு மேல், 2,000-க்குக் கீழ் என்று வகைப்படுத்தப்பட்ட எட்டுப் பகுதிகள் இன்னும் ஓடுகின்றன. நாட்டின் வடகோடி நிலையமான வக்கனாய்க்குப் போகும் சோயா பாதையின் 183 கிலோமீட்டர், சதுப்புநிலத்தை ஊடறுத்து குஷிரோவுக்கு வரும் சென்மோ பாதை, கிழக்குக் கோடியான நெமுரோவுக்குப் போகும் பாதை எல்லாம் அதில் அடக்கம். இவற்றை அடியோடு சீர்செய்யும் திட்டத்தை 2026-ஆம் நிதியாண்டின் முடிவுக்குள் தர வேண்டும் என்று ஜப்பான் அரசு நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறது. தண்டவாளத்தின் செலவை நிறுவனம், மாநிலம், நாடு ஆகிய மூன்றில் யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்பதே அந்தப் பேச்சில் இன்னும் முடியாமல் இருக்கும் கேள்வி.